லா ஃபர்ம் இன்டர்ன்ஷிப்பில் ஃபீட்பேக் கேட்டு வாங்குவது எப்படி?

தரமணி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு லா ஃபர்மில், லிட்டிகேஷன் (கோர்ட் வழக்கு) டீமில் இன்டர்ன்ஷிப். வேலைக்குக் குறைவில்லை. செக் பவுன்ஸ் நோட்டீஸ், நுகர்வோர் வழக்கு ஒன்றுக்கு ரிசர்ச் நோட், லிஸ்ட் ஆஃப் டேட்ஸ் (வழக்குச் சம்பவங்களின் தேதிவாரிப் பட்டியல்) என்று வந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் செய்து கொடுத்தது எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு வேலை தருகிற வக்கீலான அசோசியேட் மேடத்துக்கு மெயில் அனுப்பினால் "நோட்டட், தேங்க்ஸ்" என்று பதில் வரும். நேரில் போய் "ஃபீட்பேக் ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்டேன். "நல்லாத்தான் பண்றே, அப்படியே போ" என்றார். அப்புறம் பார்த்தால் என் நோட்டீஸ் பாதிக்கு மேல் மாறித்தான் வெளியே போயிருக்கிறது. நன்றாக இருந்தது என்றால் எதற்கு இவ்வளவு மாற்றம்?

கூடச் சேர்ந்த இன்னொரு மாணவருக்கு நேர் எதிர். அவருடைய சீனியர் ஹாலில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சத்தம் போடுகிறார். திட்டு வாங்கினாலும் எது தப்பு என்றாவது அவருக்குத் தெரிகிறதே என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தம்புச்செட்டித் தெரு

தங்கச்சி, நீங்கள் தேடுகிற ஃபீட்பேக் அந்த மாறிய நோட்டீஸிலேயே இருக்கிறது. நம் தொழிலில் கருத்து பெரும்பாலும் வாயால் வராது, திருத்தமாகத்தான் வரும்.

உங்கள் அசோசியேட்டின் பொழுதை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து கோர்ட். சாயங்காலம் ஆபீஸ் வந்தால் கட்சிக்காரர் காத்திருப்பார். அதற்குள் மறுநாள் காஸ் லிஸ்ட் (கோர்ட்டில் வரும் வழக்குகளின் பட்டியல்) வந்துவிடும், வழக்குக் கட்டு எடுத்துப் படிக்க வேண்டும். நோட்டீஸைத் திருத்த உட்காரும்போது ராத்திரி ஆகியிருக்கும். உங்களைக் கூப்பிட்டு விளக்குவதைவிடத் தானே மாற்றி அனுப்பிவிடுவது அவருக்குச் சீக்கிரம் முடிகிற வேலை. "நல்லாத்தான் பண்றே" என்று அவர் சொன்னதும் பொய்யாக இருக்காது. இன்டர்னிடம் எதிர்பார்த்ததற்கு நன்றாக இருந்தது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டு அனுப்புகிற அளவுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் ஃபைனல் காப்பியில் இருக்கிறது.

அதனால் முதல் வேலையாக, வெளியே போன காப்பியைக் கேட்டு வாங்குங்கள். "மேடம், என் டிராஃப்டோடு வைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. வேர்டில் இரண்டு ஃபைல்களை 'கம்பேர்' போட்டால் எது எடுபட்டது, எது நுழைந்தது என்று எல்லாம் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் காரணத்தை நீங்களே ஊகித்து எழுதுங்கள். காரணம் பிடிபடாதவை கொஞ்சம் மிஞ்சும். அவற்றை மட்டும் கேளுங்கள். "ஃபீட்பேக் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? "மூன்றாவது பாராவில் தொகையைப் பிரிச்சிருக்கீங்க, சட்டத்துக்காகவா, நம்ம ஆபீஸ் வழக்கமா?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் பதில் வரும், பல சமயம் அதோடு ஒரு பழைய கேஸ் கதையும் வரும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். காலை பத்து மணிக்கு, கவுனை மாட்டிக்கொண்டு ஓடுகிறவரிடம் கேட்காதீர்கள். கோர்ட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்து திரும்புகிற நேரம் இருக்கிறதே, அதைவிட நல்ல நேரம் கிடையாது. கட்டைச் சுமந்துகொண்டு கூடவே நடங்கள்.

மதுரை பெஞ்ச்

தம்புச்செட்டி சார் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எல்லாப் பாரத்தையும் இன்டர்ன் தலையில் ஏற்றுகிறீர்கள். பார் கவுன்சில் விதி எதற்காக இருக்கிறது? 2008 சட்டக் கல்வி விதிகளில் மூன்றாண்டு படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. ஆக ஒரு ஆபீசில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் நாலு வாரம். அதற்குள் அவரே கம்பேர் போட்டு, அவரே ஊகித்து, அவரே நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்றால் சேர்த்துக்கொண்டவருக்கு என்ன பொறுப்பு? வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இன்டர்ன் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் அந்தச் சத்தம் போடுகிற சீனியர். அதை ஃபீட்பேக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் ஜூனியர்களிடம் பார்த்துத்தான் சொல்கிறேன், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குகிறவர் மறுநாளிலிருந்து சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடுவார். கேட்காமலே ஒரு தேதியைப் போட்டு வைப்பார். லிமிடேஷன் (தாக்கல் செய்வதற்கான கால வரம்பு) போன பிறகுதான் நமக்கே தெரியும்.

தம்புச்செட்டித் தெரு

மதுரை சார், சேர்த்துக்கொண்டவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தங்கச்சிக்கு மிச்சம் இருப்பது கொஞ்ச நாள். ஆபீஸைத் திருத்த அவரால் முடியாது. கிடைப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான் வழி சொன்னேன்.

தரமணி மாணவி

சார், ஃபைனல் காப்பி கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார்! கம்பேர் போட்டுப் பார்த்ததில் நிறைய வார்த்தை மாற்றம். அதை விட்டுவிட்டால், பெரிதாகத் தெரிந்தவை இவை (தொகையை மாற்றி எழுதுகிறேன்):

என் டிராஃப்டில், "வட்டி, செலவு உட்பட மொத்தப் பாக்கி ரூ. 4,43,000-ஐச் செலுத்த வேண்டும்" என்று இருந்தது. ஃபைனலில், "காசோலைத் தொகையான ரூ. 4,00,000-ஐச் செலுத்த வேண்டும்" என்று ஒரு பாரா. வட்டியும் நோட்டீஸ் செலவும் வேறு பாராவுக்குப் போய்விட்டன.

"இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள்" என்பது "இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள்" என்று மாறியிருக்கிறது.

வங்கியின் ரிட்டர்ன் மெமோ (காசோலை திரும்பியதற்கான சீட்டு) தேதியை மட்டும் போட்டிருந்தேன். மெமோ கட்சிக்காரர் கைக்கு வந்த தேதியையும் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது எனக்கே புரிகிறது, சட்டத்தில் இருக்கிற வார்த்தை அது. மற்ற இரண்டும் ஏன்?

செக் கேஸ் வக்கீல்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பிழைப்பே 138-தான், அதாவது செக் பவுன்ஸ் வழக்குகள். உங்கள் மேடம் அருமையாகத் திருத்தியிருக்கிறார்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 சொல்வது, நோட்டீஸில் 'அந்தப் பணத்தை', அதாவது காசோலையில் உள்ள பணத்தைக் கேட்க வேண்டும் என்று. கூடவே வட்டி கேட்கலாம், செலவு கேட்கலாம், தப்பில்லை. ஆனால் காசோலைத் தொகை எவ்வளவு என்று பிரித்துத் தெரிய வேண்டும். சுமன் சேத்தி வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகக் கூட்டி, காசோலைக்கு எவ்வளவு என்று சொல்லாமல் கேட்டால் நோட்டீஸே அடிபடலாம். 2003-ல் கே.ஆர். இந்திரா வழக்கில் அப்படித்தான் ஆனது, கடன் தொகையைக் கேட்டிருந்தார்கள், காசோலைத் தொகையைக் கேட்கவில்லை. வழக்கு நிற்கவில்லை. உங்கள் டிராஃப்ட் அப்படியே போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கிராஸில் (குறுக்கு விசாரணையில்) முதல் கேள்வியாக அதைத்தான் எடுப்பார்.

மூன்றாவது, 30 நாள் கணக்கு. காசோலை திரும்பியது பற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். மெமோவில் அச்சான தேதி வேறு, அது கட்சிக்காரர் கைக்கு வந்த தேதி வேறு. இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அதுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் பணம் வராவிட்டால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தத் தேதி தெளிவில்லாமல் இருந்தாலும் கடைசியில் தாமத மன்னிப்பு மனுவில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? அவர் மாற்றிய பல வார்த்தைகள் வெறும் ஆபீஸ் நடையாக இருக்கும். "மேற்படி", "எமது கட்சிக்காரர்" வகையறா. அவற்றைப் பற்றி மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மூன்றும் வேறு ரகம், வழக்கு நிற்குமா விழுமா என்பது இவற்றில் இருக்கிறது. திருத்தங்களைப் பார்க்கும்போது எது எந்த ரகம் என்று பிரிக்கப் பழகினால் மேடத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் குறைந்துவிடும்.

தரமணி மாணவி

மிக்க நன்றி சார். இதை இவ்வளவு தெளிவாக வகுப்பில்கூட யாரும் சொல்லவில்லை.

ரிசர்ச் நோட்டில் மட்டும் ஒரே ஒரு கமென்ட் இருந்தது. டாப்லைன் ஷூஸ் தீர்ப்புக்குப் பக்கத்தில் "இது இன்னும் நிற்கிறதா?" என்று.

செக் கேஸ் வக்கீல்

அது பொன்னான கமென்ட். நுகர்வோர் வழக்கில் எதிர்தரப்பு பதில் போட 30 நாள், மேற்கொண்டு 15 நாள் உண்டு. அதற்கும் மேலே அனுமதிக்கலாமா என்பதில் 2002-லேயே இரண்டு விதமான தீர்ப்புகள். டாப்லைன் ஷூஸ் தளர்வாகப் போனது, அதே வருஷம் ஜே.ஜே. மெர்ச்சன்ட் கறாராகப் போனது. கடைசியில் 2020 மார்ச் 4-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹில்லி மல்டிபர்ப்பஸ் வழக்கில், 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட கிடையாது என்று முடித்து வைத்தது. இனிமேல் வரும் வழக்குகளுக்குத்தான் இது பொருந்தும் என்றும் சொன்னது. அதனால் உங்கள் வழக்கில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

"தீர்ப்பைத் தப்பாகப் போட்டிருக்கிறாய்" என்று அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீங்களே தேடிக் கண்டுபிடிக்க இடம் விட்டிருக்கிறார். பதிலைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள், அவர் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். அடுத்த வேலை உங்களுக்கு இன்னும் நல்லதாக வரும்.

குமாஸ்தா மகன்

யாரும் சொல்லாத ஒரு ஆளைச் சொல்கிறேன். ஆபீஸ் குமாஸ்தா. என் அப்பா உயர் நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர்.

தாக்கல் செய்த பேப்பர் கோர்ட் செக்‌ஷனில் ரிட்டர்ன் ஆகும் இல்லையா, அதுவும் ஃபீட்பேக்தான். வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்ப் இல்லை, டைப்டு செட்டில் (ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பில்) பக்க எண் இல்லை, அஃபிடவிட்டில் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை, கோர்ட் ஃபீ குறைகிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வரும். அதைச் சரிசெய்து ரீபிரசன்ட் (மறுபடி தாக்கல்) பண்ணுவது குமாஸ்தாதான். அந்த ரிட்டர்ன் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், அசோசியேட்டுகளே மறந்துபோன விஷயமெல்லாம் சொல்லுவார். "அண்ணே, டீ சாப்பிடலாமா" என்று கூப்பிடுங்கள். இன்டர்ன்கள் அவரிடம் கேட்பதே இல்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

முதல் தலைமுறை

நான் கேட்க நினைத்ததையும் இங்கேயே கேட்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அரசு சட்டக் கல்லூரி. எனக்குக் கிடைத்த ஒரே ஃபீட்பேக் "லாங்குவேஜ் இம்ப்ரூவ் பண்ணு". அதைக் கேட்டதிலிருந்து எழுதவே கை வரவில்லை. எதை இம்ப்ரூவ் பண்ணுவது?

வேளச்சேரி அக்கா

தம்பி, அந்த வரியை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. அது ரொம்பப் பொதுவானது, அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. போய், "சார், இந்தப் பக்கத்தில் எந்த வாக்கியம் உங்களுக்குச் சிரமமா இருந்தது, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க" என்று கேள். காட்டினால் பெரும்பாலும் இலக்கணமாக இருக்காது. ஒரே வாக்கியத்தில் நாலு சம்பவத்தை அடைத்திருப்பாய், யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரியாமல் இருக்கும். தேதி, ஆள், செயல், ஆவணம் என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சின்ன வாக்கியம் எழுதிப் பழகு. நல்ல பிளெயின்ட் (சிவில் வழக்கு மனு) அப்படித்தான் இருக்கும், அலங்கார இங்கிலீஷ் எந்த நீதிபதிக்கும் தேவையில்லை.

இன்னொரு விஷயம். கட்சிக்காரர் தமிழில் சொல்வதைக் கேட்டுக் குறிப்பெடுப்பதில் உனக்கு இருக்கிற பலம் அந்த ஆபீசில் பலருக்கு இருக்காது. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை தமிழில்தான் நடக்கிறது. அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபீட்பேக் என்ற பெயரில் உடை, உடம்பு, சிரிப்பு பற்றிப் பேச்சு வந்தால், "ஆபீஸுக்கு அப்புறம் வா, தனியாகச் சொல்லித் தருகிறேன்" என்று வந்தால், அது ஃபீட்பேக் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் பயிற்சி பெறுகிறவர்களும் வருகிறார்கள், சம்பளம் வாங்காவிட்டாலும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சர்டிஃபிகேட் போய்விடுமே என்று பயந்து பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

குரோய்டன் தமிழ்

லண்டனில் படிக்கிறேன். இங்கே விடுமுறையில் ஃபர்ம்களில் வெகேஷன் ஸ்கீம் என்று வைக்கிறார்கள். பொதுவாகச் சூப்பர்வைசர் என்று ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள், நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கேயும் "கிரேட் ஜாப்" என்று மழுப்பிவிட்டுப் பின்னால் வேலை வாய்ப்பு இல்லை என்று மெயில் வருவது சகஜம். படிவம் இருந்தால் மட்டும் உண்மை வந்துவிடாது.

சொலிசிட்டர் (இங்குள்ள ஒரு வகை வக்கீல்) ஆவதற்கு 2021 செப்டம்பரிலிருந்து வந்த எஸ்.க்யூ.இ. தகுதித் தேர்வு முறையில் இரண்டு வருட வேலை அனுபவம் தேவை, அதை நாலு இடம் வரை பிரித்தும் செய்யலாம். கையெழுத்துப் போடுகிற சொலிசிட்டர் நம் திறமைக்குச் சான்று கொடுப்பதில்லை. திறன்களை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு கிடைத்தது என்றுதான் உறுதி செய்கிறார். அதனால் எந்த வேலையில் என்ன திருத்தம் வந்தது, அடுத்த தடவை அதை எப்படிச் செய்தோம் என்று நாமே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் எனக்கு ரொம்ப உதவியது. தரமணித் தோழிக்கும் உதவும்.

மதுரை பெஞ்ச்

குறிப்பேடு என்றதும் ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரர் பெயர், தொகை, ஊர் எதுவும் அதில் வரக்கூடாது. ஃபைனல் காப்பியைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவதும் கூடாது, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கம்பேர் போட்டுப் பாருங்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்க வேண்டிய கடமை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான். பழைய சாட்சியச் சட்டத்தில் 126, 127. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தில் 132. தங்கச்சி தொகையை மாற்றி எழுதியது நல்ல காரியம்.

டிராஃப்டை ஏ.ஐ.-யிடம் கொடுத்து "எப்படி இருக்கு" என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் இதேதான். கட்சிக்காரர் விவரம் வெளியே போகிறது. போதாததற்கு அது இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் அப்படி வந்த பொய்த் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள்.

தரமணி மாணவி

கவனமாக இருக்கிறேன் சார். கடைசியாக ஒரு சந்தேகம். முடிக்கும்போது ஃபர்மில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் தருவார்களாம், அதை மூடிய கவரில் கல்லூரிக்கு அனுப்புவார்களாம். அதில் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கலாமா?

தம்புச்செட்டித் தெரு

கேட்கலாம். கவர் ஒட்டிய பிறகு கேட்காதீர்கள், கடைசி நாளுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே மேடத்திடம் போய், "ஃபார்ம் எழுதறதுக்கு முன்னாடி நான் செஞ்ச வேலையோட லிஸ்ட் மெயில் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். எழுதுகிறவருக்கு நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று முழுசாக நினைவிருக்காது. லிஸ்டில் அந்த நோட்டீஸையும், திருத்தி அனுப்பிய ரிசர்ச் நோட்டையும் தனியாகக் குறிப்பிடுங்கள். அப்படியே, "அடுத்த இன்டர்ன்ஷிப்புக்குள்ள நான் கண்டிப்பா சரி பண்ணிக்க வேண்டியது ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்று கேட்டுவிடுங்கள். ஒன்று என்று வரையறுத்துக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்.

சொன்னதை அன்றைக்கே இன்டர்ன்ஷிப் டைரியில் ஏற்றுங்கள். கல்லூரியில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்), இன்டர்ன்ஷிப் பேப்பரில் கட்சிக்காரர் நேர்காணலும் அந்த டைரியும் சேர்த்து 30 மார்க், வைவா (வாய்மொழித் தேர்வு) 10. வைவாவில் "நீ போட்ட டிராஃப்டில் சீனியர் என்ன மாற்றினார்" என்று கேட்டால் 4,00,000 ரூபாய் பாராவைச் சொல்லுங்கள்.